கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரித்தவர்கள்

நாற்பதைத் தாண்டி, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கிற ஒரு பெண்ணை ஊரே ‘கோழிப் பாப்பா’ என்று கூப்பிட்டால் அவளுக்குக் கோபம் வருமா, வராதா? எனக்கு வரும். வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு பல்லைக் காட்டுவேன். நாமக்கல்லில் நானும் என் வீட்டுக்காரரும் கோழி மருந்துக் கடை வைத்திருக்கிறோம். பண்ணைக்காரர்களைப் பகைத்துக்கொண்டு அந்தக் கடையை நடத்த முடியாது. தண்ணீரில் கலக்கிற வைட்டமின் வாங்க வருகிறவர், பையை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “அப்படியே அந்த வசனத்தையும் ஒருக்கா சொல்லிப்போடுங்க அக்கா” என்பார். மருந்தோடு கொசுறு மாதிரி நான் அதையும் சொல்ல வேண்டும்.

ஆறு வயதிலிருந்து பதினொரு வயதுவரை நான் சினிமாவில் நடித்தேன். எனக்குக் கிடைத்தது கொஞ்சநஞ்சப் பேர் இல்லை. என் முகம் பள்ளிக்கூட நோட்டு அட்டையில் வந்தது, காலண்டரில் வந்தது. நாமக்கல் பட்டறைகளில் பாடி கட்டிய லாரிகளின் பின்கதவில், புலியும் மயிலும் வரைகிற இடத்தில் என்னை வரைந்தார்கள். ஒரு கண் பெரிதாகவும் ஒரு கண் சிறிதாகவும் நான் வடக்கே எங்கெங்கோ போய்த் திரும்பி வந்தேன். அத்தனைக்கும் காரணம் என் முதல் படத்தில் வருகிற ஒரு காட்சி. அதில் நான் ஒரு கூலிக்காரரின் மகள். ஊர்ப் பெரிய மனிதர் எங்கள் கோழியைப் பிடித்துக் குழம்பு வைத்துவிடுகிறார். நான் அவர் வாசலில் போய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கிறேன். “எங்க கோழி உங்க வீட்டுக்குள்ள வந்துச்சு. கோழி வெளியே வரலை, வாசம்தான் வந்துச்சு.”

அவ்வளவுதான். இதற்குத் தியேட்டரே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். அந்த வருடம் தமிழ்நாட்டில் இதைச் சொல்லாத பிள்ளை இல்லை.

அதைச் சொன்ன குரல் என்னுடையது இல்லை. டப்பிங்கில் வேறு ஒரு பெண் பேசியது. இது எங்கள் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. சொந்தக்காரர்களிடம், பள்ளிக்கூடத்தில், கடைசியில் என் கல்யாணப் பேச்சு நடந்தபோது மாப்பிள்ளை வீட்டாரிடம்கூட, “பூராவும் புள்ளையே பேசுனதுதானுங்க” என்று அப்பா சொல்லியிருந்தார். சொந்தபந்தத்தின் நடுவே அவர் நெஞ்சை நிமிர்த்தி நடந்தது அந்த ஒரு வார்த்தையின் மேல்தான். அதனால் எங்காவது இது வெளியே வந்துவிடுமோ என்ற பயத்திலேயே நான் வளர்ந்தேன். சின்ன வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருட்டு பயம் இருக்கும், நாய் பயம் இருக்கும். எனக்கு மைக் பயம்.

நான் சினிமாவுக்குப் போனதே என் வாயால்தான் என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எங்களுக்குச் சேந்தமங்கலம் பக்கம். அப்பா முட்டை லோடு ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போகிற லாரி டிரைவர். முழுப் பரீட்சை லீவில் நானும் கேபினில் ஏறிக்கொள்வேன். ஸ்டூடியோக்களுக்குச் சாப்பாடு அனுப்புகிற மெஸ் ஒன்றில் முட்டை இறக்குவோம். அங்கே நின்றிருந்த ஒருவர் சும்மா இருக்காமல் முட்டை அட்டையைத் தூக்கப் போக, நான் கேபினிலிருந்து, “ஏனுங்க, பாத்துப் புடிங்க, ஒடஞ்சா எங்கப்பனுக்குத்தானுங்க பேச்சு உளுகும்” என்று கத்தினேன். அவர் ஒரு படக்கம்பெனியின் மேனேஜர். அட்டையைக் கீழே வைத்துவிட்டு, “இன்னொரு தரம் சொல்லு பாப்பா” என்றார். அடுத்த லோடுக்குப் போனபோது டைரக்டர் வந்து பார்த்தார்.

படப்பிடிப்பில் எனக்கு எதுவுமே கஷ்டமாக இல்லை. வசனத்தைச் சொல்லித் தருவார்கள், நான் எனக்கு வருகிற மாதிரி திருப்பிச் சொல்வேன். கேமரா ஓடும்போது மற்றவர்கள் மூச்சுவிடக் கூடாது என்பதால் யார் முகத்திலும் எதுவும் தெரியாது. எல்லாம் முடிகிற சமயத்தில் டப்பிங் தியேட்டருக்குக் கூட்டிப்போனார்கள். இருட்டு அறை, எதிரே திரை, அதில் நான் வாயசைத்துக்கொண்டே இருக்கிறேன். மைக் எட்டாததால் என்னை முக்காலி மேல் ஏற்றி நிறுத்தினார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டைரக்டரும் சவுண்டு ஆட்களும் இருந்தார்கள். அப்பாவையும் அங்கே ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

“ஏனுங்க, எங்க கோழி உங்க ஊட்டுக்குள்ளார வந்துச்சுங்க. கோழி வெளிய வருலீங்க, வாசந்தான் வந்துச்சுங்க.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் காலையில் லாட்ஜில் எனக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டே அப்பா சொன்னார். “இனி நீ பேச வேண்டாஞ்சாமி. நம்ம பேச்சு அவிங்களுக்கு ஆகுலியாமா.”

அந்தச் சிரிப்பு எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு அறை நிறையப் பெரியவர்கள் என் பேச்சைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள், நான் ஒன்றும் தெரியாமல் முக்காலி மேல் நின்றிருக்கிறேன். நினைக்க நினைக்கக் காது சுட்டது. அந்தச் சூடு பிறகு எத்தனையோ வருடம் என்னைவிட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் எழுந்து வாசிக்கச் சொன்னால் வரும். பேங்கில் மேனேஜர் “சொல்லுங்கம்மா” என்றால் வரும்.

படம் ஓடத் தொடங்கியதும் ஊரில் எல்லோரும் பேசிக் காட்டச் சொன்னார்கள். என்ன செய்வது? அப்பா லோடு இல்லாத நாளெல்லாம் என்னைச் சேலத்துக்குக் கூட்டிப்போனார். அதே தியேட்டர், அதே படம். மற்ற பிள்ளைகள் திரையைப் பார்த்துச் சிரிக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலைக் கேட்பேன். எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, ‘வாசம்’ என்கிற இடத்தில் மூக்கை எப்படிச் சுளிக்கிறது என்று மனப்பாடம் செய்வேன். திரும்பும் பஸ்ஸில் அப்பாவிடம் பேசிக் காட்டுவேன். என்னைப் போலவே பேச நான் பழகினேன். வெட்கக்கேடு. இதை வேறு எந்த வார்த்தையிலும் என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தப் படத்தை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். ‘வந்துச்சு’ என்று குரல் முடிந்த பிறகும் என் வாய் இன்னும் கொஞ்சம் அசையும். அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. நான் சொன்ன ‘ங்க’ போன இடம் அது. டிவியில் அந்தக் காட்சி வந்தால் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள், நான் அந்த வாயையே பார்ப்பேன்.

வீட்டிலும் அப்பா விடவில்லை. ‘ஊடு’ என்றால் “வீடுன்னு சொல்லு” என்பார். பத்திரிகைக்காரர்கள் வந்தால் அம்மாவை அடுக்களையை விட்டு வரவேண்டாம் என்பார். அம்மாவுக்கு அதெல்லாம் செல்லாது. “என்ற வாயி என்ற ஊட்டுல பேசாம வேறெங்க போயிப் பேசும்?” என்று அங்கிருந்தே சத்தமாகக் கேட்பாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். அப்பா முகம் சுண்டிப்போகும். எனக்கும் அம்மாவின் மேல் எரிச்சலாக இருக்கும். அம்மா இறந்து சில வருடமாகிறது. அவள் ஒருத்திதான் எங்கள் வீட்டில் யாரையும் போல நடிக்காதவள்.

அடுத்தடுத்த படங்களில் என்னை முக்காலியில் ஏற்றவே இல்லை. நான் வாயசைப்பேன், அதே பெண் பேசுவாள். அவளை நான் பார்த்ததில்லை. பிறகு முகம் மாறியது, கால் நீண்டது, ஒரு கோடை விடுமுறையில் மளமளவென்று வளர்ந்துவிட்டேன். சினிமாக்காரர்கள் வருவது நின்றது. யாரும் போகச் சொல்லவில்லை, கூப்பிடவும் இல்லை. அந்தப் பெண் இன்னொரு குழந்தைக்குப் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு படத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் குரல் வேறு ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வந்தது.

இதெல்லாம் முடிந்த கதை என்றுதான் இருந்தேன். போன தை மாதம் ஒரு டிவிக்காரத் தம்பி போன் செய்தார். படத்தைத் துடைத்துப் பளபளப்பாக்கி மறுபடி வெளியிடுகிறார்களாம். அதற்குச் சேலத்தில் ஒரு விழாவாம். என்னுடைய ஊர்ப் பக்கம் என்பதால் நான் இல்லாமல் முடியாதாம். “உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸும் இருக்கு மேடம்” என்றார். மேடம் என்றதும் எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது. நான் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எண்பதாகிறது, என்னோடுதான் இருக்கிறார். மறுநாளே சலவை வேட்டி எடுத்து வைத்துவிட்டார். அத்தை மகன், சித்தப்பா வீடு, சம்பந்தி வீடு என்று ஒருவர் விடாமல் போன் போட்டு அழைத்தார். “வேண்டாங்கப்பா” என்றேன். “நாலு பேரு பாக்கோணுஞ்சாமி” என்றார்.

மண்டபத்தில் அப்பாவை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். அவருக்குப் பின்னாலேயே எங்கள் சொந்தம் முழுவதும். மேடையில் எனக்குச் சோபா. தொகுத்துப் பேசிய பெண் என் பக்கத்தில் வந்து, “உங்களோட குரலை நீங்க பார்த்ததே இல்லைல்ல?” என்றாள். பக்கவாட்டிலிருந்து பருத்திப் புடவை கட்டிய, நரைத்த அம்மா ஒருவர் வந்தார். எழுபது இருக்கும். “இவங்கதான் கோழிப் பாப்பாவோட குரல்!”

கூட்டம் ‘ஓ’வென்றது. நான் அப்பாவைத்தான் பார்த்தேன். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் அத்தை மகன் தன் மனைவி காதில் ஏதோ சொன்னார். இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்தது ஒரு நொடியில் போயிற்று.

அந்த அம்மா மைக்கை வாங்கி வசனத்தைச் சொன்னார். எழுபது வயது உடம்பிலிருந்து ஆறு வயதுப் பிள்ளை பேசியது. அதே ஏற்றம், அதே இறக்கம். மண்டபம் எழுந்து நின்றது. அடுத்து மைக் என் கைக்கு வந்தது. நானும் சொன்னேன். என் கடை வாசலில் சொல்கிற மாதிரிதான் வந்தது. மரியாதைக்குக் கைதட்டினார்கள். பூமி பிளந்தால் இறங்கிப் போய்விடலாம் என்று இருந்தது.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கெட்ட மனது துளியும் இல்லாதவர், அது அவர் பிடித்த பிடியிலேயே தெரிந்தது. “இதை ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன்” என்று கூட்டத்தைப் பார்த்து ஆரம்பித்தார். “இந்தப் பொண்ணு பேசினன்னைக்கு நான் டப்பிங் தியேட்டர்ல இருந்தேன். வேற ஒரு கேரக்டருக்குப் பேச வந்திருந்தேன். நாங்கல்லாம் வயித்தைப் பிடிச்சிக்கிட்டு சிரிச்சோம். அது சிரிப்பு சீன். திருடித் தின்னவரைப் போய் ‘ங்க’ போட்டு, மரியாதையா, பணிவா கேக்குது குழந்தை! டைரக்டர், இந்தப் பேச்சுதான்யா படமேன்னு குதிச்சார். இவங்க அப்பாதான் விடலை. டைரக்டர் கையைப் பிடிச்சுக்கிட்டு, வேண்டாங்க, எங்க பேச்சு நாலு பேர் கேக்கற மாதிரி இருக்காதுங்க, நல்லா பேசறவங்களை வெச்சுப் பேச வெச்சிருங்கன்னு கெஞ்சினார். மாத்தலைன்னா மீதி நடிக்க பொண்ணை அனுப்ப மாட்டேன்னு நின்னுட்டார். அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டாங்க. அந்த ‘ங்க’வுக்கெல்லாம் குழந்தை வாய் அசையுது, எனக்குப் போட வார்த்தை இல்லாம திண்டாடினேன். சொந்தப் பொண்ணு பேர் வாங்கறதைக்கூட வேண்டாம்னு சொன்ன மனுஷர். எவ்வளவு அடக்கம் பாருங்க!”

கைதட்டல் காதைப் பிளந்தது. “அப்பா, எழுந்து நில்லுங்கப்பா!” என்றாள் தொகுத்துப் பேசியவள். அப்பாவின் மேல் விளக்கைத் திருப்பினார்கள். அவர் எழுந்தார். கையைக் கூப்பினார். கூப்பிய கையை இறக்கத் தெரியாமல் அப்படியே நின்றார். மண்டபமே அவருடைய அடக்கத்துக்குக் கைதட்டியது. பின்னால் இருந்த எங்கள் சொந்தக்காரர்கள் மட்டும் தட்டவில்லை. நானும் தட்டவில்லை.

விழா முடிந்து யாரிடமும் சரியாகச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினோம். என் வீட்டுக்காரர் கார் ஓட்டினார். அப்பா முன்னால், நான் பின்னால். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யாரோ சினிமாக்காரர்கள் என் வாயை அடைத்தார்கள் என்று முப்பது நாற்பது வருடம் அவர்களை மனதுக்குள் சபித்திருக்கிறேன். அடைத்தவரோ காலையில் என் கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டு, சலவை வேட்டியோடு வந்தவர்.

பனமரத்துப்பட்டிப் பிரிவு தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி என் வீட்டுக்காரர் இறங்கிக்கொண்டார். எங்களைத் தனியே விட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. வெயில் இன்னும் இருந்தது.

“ஏனுங்கப்பா அப்படிப் பண்ணுனீங்க?” என்றேன்.

அவர் திரும்பவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“எல்லாரும் சிரிச்சாங்க சாமி.”

“அது சிரிக்கிற சீனுங்கப்பா!”

“எனக்கென்ன தெரியும்? நான் முட்ட வண்டி ஓட்டறவன். அத்தன பெரிய மனுசங்க உளுந்து உளுந்து சிரிக்கறாங்க. ஒருத்தரு மேசையத் தட்டறாரு. நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முக்காலி மேல நிக்கற. அவிங்களப் பாத்துப்போட்டு நீயும் சிரிக்கற. கையத் தட்டித் தட்டிச் சிரிக்கற. என்ற புள்ளயப் பாத்துத்தான் சிரிக்கறாங்கன்னு அதுக்கே தெரியிலயேன்னு எனக்கு நெஞ்சு அடச்சுப்போச்சு. இன்னொருக்கா உன்ன அங்க ஏத்தி நிறுத்த எனக்கு மனசு வருல.”

நான் சிரித்தேனா? கைதட்டினேனா? எனக்கு அது நினைவே இல்லை. அந்த அறையில் காது சுட நின்ற ஒரு பிள்ளையைத்தான் எனக்குத் தெரியும். அந்தச் சூடு மறுநாள் லாட்ஜில் அப்பா சொன்ன பிறகு வந்தது. அதற்கு முன்னால் முக்காலி மேல் நின்றவள் சந்தோஷமாக இருந்திருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தை நான் ஒரு நாள்கூட வைத்திருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக டீயை நீட்டினார். அப்பா வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார், குடிக்கவில்லை.

“அத எங்காச்சும் வெச்சிருப்பாங்களா சாமி? நீ பேசுனத?”

“இருக்காதுங்கப்பா. அதும்மேலயே அந்தம்மா பேசுனதப் புடிச்சிருப்பாங்க.”

அவர் தலையை ஆட்டினார். டீ ஆடை கட்டிவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், மறுபடியும் துடைத்துக்கொண்டார். பிறகு முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார்.

“அப்ப, நல்லாத்தான் பேசிருக்கறயா நீ?”

“ஆமாங்கப்பா,” என்றேன். “நல்லாத்தான் பேசியிருக்கறேன்.”